சிக்னல் இல்லாத கொல்லைக்கு வாக்கி டாக்கி: செஞ்சிக் கோட்டை சொல்லும் பாடம்

செஞ்சி வட்டத்திலிருந்து வாசகி ஒருவர் எங்களுக்கு எழுதியிருந்தார். மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கொல்லை, அதில் மல்லாட்டை போட்டிருக்கிறார்கள். காய் பிடித்த நாளிலிருந்து காட்டுப்பன்றித் தொல்லை. அதனால் இரவில் வீட்டுக்காரர் பரணில் காவலுக்குப் படுக்கிறார். ஊரில் இரண்டு கம்பெனி சிக்னலும் நன்றாக இருக்கிறது. கொல்லையில் ஒன்றும் இல்லை. “பாம்பு கடித்தாலும் பன்றி முட்டினாலும் விடிந்து ஆள் வந்து பார்த்தால்தான் தெரியும். ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. வாக்கி டாக்கி வாங்கலாமா? பெட்டியில் 10 கிலோமீட்டர் எட்டும் என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றரை கிலோமீட்டர் எட்டினால் போதும். ஆனால் நடுவில் ஒரு பாறைக் குன்று இருக்கிறது” என்பது கேள்வி.

மலையடிவார ஊர்களிலிருந்து இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. பதிலை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை. செஞ்சிக்குப் போய், அந்த மண்ணையும் மலையையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று கிளம்பினோம்.

கல் குவித்த ஊர்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் மேற்கே போனால் முதலில் எல்லாம் சமவெளி. நெல், கரும்பு, தர்பூசணி, மணிலா, நடுநடுவே ஏரிகள். செஞ்சி நெருங்க நெருங்க நிலத்தின் முகம் மாறுகிறது. வீடு அளவு, லாரி அளவு உருண்டைக் கற்களை யாரோ குவித்து வைத்ததுபோல் குன்றுகள் எழும்புகின்றன. இந்தக் குன்றுகளில் பெய்யும் மழைதான் சங்கராபரணி ஆறாக, வராக நதி என்ற இன்னொரு பேரோடு கிழக்கே ஓடி வீடூர் அணைக்குப் போகிறது.

ஊருக்குள் நுழைந்தால் நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தைச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அங்கே நின்றால் போன் நான்கு கோடு காட்டுகிறது. மூட்டைக்கு என்ன விலை போகிறது என்று கேட்டு நூறு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின் பின்பக்கம் போனால் அதே போன் கையில் வெறும் டார்ச் லைட்டாகிவிடுகிறது.

ஊரைத் தாண்டி மேற்கே போகும் நெடுஞ்சாலை, கோட்டையின் மலைகளுக்கு நடுவில்தான் போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். இந்தக் கிருஷ்ணகிரி வேறு, மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி வேறு. மூன்றையும் இணைத்து மதில் ஓடுகிறது. கோனார் குலத் தலைவர்கள் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் கோட்டை, பிறகு செஞ்சி நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-ல் சிவாஜி, 1698-ல் முகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. ராஜா தேசிங்கு இறந்தது 1714-ல். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 சேர்க்கப்பட்டன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான்.

ராஜகிரி மேலிருந்து பார்த்தால்

அடிவாரத்தில் கல்யாண மகால், குதிரை லாயம், பெரிய தானியக் களஞ்சியம் எல்லாம் இருக்கின்றன. களஞ்சியத்துக்குள் நின்று பாருங்கள். முற்றுகை என்றால் சண்டை மட்டும் இல்லை, எத்தனை மாதத்துக்கு நெல் இருக்கிறது என்ற கணக்குதான் என்பது விவசாயிக்கு உடனே புரியும்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. காலை வெயில் ஏறுவதற்குள் ஏற வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு படி ஏறினால், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பிளவின் மேல் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. உச்சியில் ரங்கநாதர் கோயிலும் ஒரு பீரங்கியும் இருக்கின்றன.

இங்கே நின்று சுற்றிப் பார்த்தால்தான் நம் வாசகியின் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. வடக்கே கிருஷ்ணகிரி உச்சி பளிச்சென்று தெரிகிறது. சந்திரகிரியும் தெரிகிறது. ஊர், ஏரி, சாலையில் போகும் பஸ் எல்லாம் தெரிகின்றன. ஆனால் கீழே இறங்கி ஒரு பாறையின் பின்னால் நின்றுகொண்டால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆள்கூடக் கண்ணில் படமாட்டார். காவல்காரர்களை ஏன் மலை உச்சியில் நிறுத்தினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. உச்சிக்கு உச்சி கண் எட்டும். கண் எட்டினால் கொடியோ புகையோ தீப்பந்தமோ எட்டும்.

வாக்கி டாக்கியும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறது. அது விடும் ரேடியோ அலை கண் பார்வைபோல நேர்கோட்டில் போகிறது. ஒரு வேலி, நாலு மரம், ஓலைக் கொட்டகை என்றால் தாண்டிவிடும், சத்தம் கொஞ்சம் குறையும். கருங்கல் குன்று குறுக்கே நின்றால் போகாது. ராஜகிரி உச்சியில் ஒருவரும் கிருஷ்ணகிரி உச்சியில் ஒருவரும் நின்றால் மிகச் சின்ன செட்டுகூடப் பேசும். ராஜகிரியின் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்றால் பெரிய செட்டும் திணறும்.

செய்தி அறுந்த முற்றுகை

செய்தி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செஞ்சியின் சரித்திரத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1689-ல் சிவாஜியின் மகன் ராஜாராம் இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் கோட்டையை முற்றுகையிட்டார். பிறகு ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷும் முகாமுக்கு வந்தார். 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் வந்து முகலாய முகாமைச் சுற்றி வளைத்தன. தக்காணத்தில் இருந்த பாதுஷாவுக்கும் செஞ்சி முகாமுக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து நின்றது.

உடனே வதந்தி கிளம்பியது. பாதுஷா இறந்துவிட்டார் என்று முகாமில் பேச்சு. அதை நம்பிக் கலங்கிய காம் பக்ஷ், கோட்டைக்குள் இருந்த ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தார். விஷயம் தெரிந்து, சொந்தத் தளபதிகளே அவரைச் சிறை பிடித்தார்கள். 1693 தொடக்கத்தில் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஔரங்கசீப் உண்மையில் இறந்தது 1707-ல், அதாவது 14 ஆண்டுகள் கழித்து.

பெரிய படை, பீரங்கி, பணம் எல்லாம் இருந்தும், செய்தி வராத இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கொல்லையில் இருக்கும் கணவரைப் பற்றி ராத்திரியெல்லாம் கவலைப்படும் வாசகியின் நிலையும் அதுதான். “நல்லா இருக்கேன், தூங்கு” என்ற ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வரத்தான் வழி வேண்டும்.

போன் ஏன் எடுக்கவில்லை? முதலில் அதைக் கண்டுபிடியுங்கள்

சிக்னல் இல்லாததற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒன்று, மலை நிழல். கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவே குன்று நிற்கிறது. இது வருஷம் முழுக்க, எல்லா நேரமும் இருக்கும். கொல்லையின் ஒரு மூலையில் இரண்டு கோடு வரும், இன்னொரு மூலையில் ஒன்றும் வராது. பரண் எங்கே இருக்கிறது என்பதை மாற்றினாலே சில இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். வேறு கம்பெனி சிம் போட்டும் பாருங்கள். அவர்கள் கோபுரம் வேறு திசையில் இருக்கலாம்.

இரண்டு, நெரிசல். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு கோடு முழுசாகக் காட்டும், ஆனால் அழைப்பு போகாது. ஒரே கோபுரத்தில் அத்தனை ஆயிரம் போன்கள். கூட்டம் கலைந்தால் சரியாகிவிடும்.

மூன்று, கோபுரமே செத்துப்போவது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு மறந்திருக்காது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் கரண்ட் போகும். கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ஊர் முழுக்க போன் இருக்காது. ஏரிக் கரையில் நிற்பவருக்கும் ஊருக்கும் பேச்சு அறுந்துவிடும். வாக்கி டாக்கிக்குக் கோபுரம் தேவையில்லை. இரண்டு செட் இருந்தால் அவை தமக்குள் பேசிக்கொள்ளும். கொல்லைக் காவலுக்கு வாங்கியது புயல் நாளில் ஊருக்கே உதவும்.

கடைக்குப் போகுமுன் டார்ச் சோதனை

செட் வாங்குவதற்கு முன் காசில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இருட்டியபின் ஒருவர் பரணில் ஏறி, நல்ல டார்ச்சை வீட்டுப் பக்கம் திருப்பி அடிக்க வேண்டும். இன்னொருவர் வீட்டு மாடியில் நின்று பார்க்க வேண்டும்.

வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் தயங்காமல் செட் வாங்கலாம். ஒன்றரை கிலோமீட்டருக்குச் சின்ன செட்டே தாராளம்.

மரக்கிளை ஊடே விட்டுவிட்டுத் தெரிந்தால் பெரும்பாலும் பேசும். ஆனால் கரும்பு ஆள் உயரம் வளர்ந்தபின், மழையில் இலையெல்லாம் நனைந்து நிற்கும்போது, சத்தம் குறையும். ஈர இலை ரேடியோ அலையைக் குடிக்கும். எனவே பயிர் உயரமாக நிற்கும் காலத்தில் சோதித்துப் பார்ப்பதே நல்லது.

ஒன்றும் தெரியவில்லை, நடுவில் குன்று என்றால் நேராகப் பேச முடியும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். அப்போது மூன்றாவதாக ஒரு இடம் தேட வேண்டும். கொல்லையிலிருந்தும் தெரிகிற, வீட்டிலிருந்தும் தெரிகிற ஒரு இடம். குன்றின் ஓரத்தில் உறவுக்காரர் வீடோ, பக்கத்துக் கொல்லைக்காரரின் மோட்டார் கொட்டகையோ இருக்கும். அங்கே ஒரு செட் கொடுத்து வைத்தால், கேட்டதை அவர் அடுத்த பக்கம் சொல்லிவிடலாம். கொல்லைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே மட்டும் பேச்சு இருந்து, அவர் வீட்டில் போன் எடுத்தாலும் போதும். நம் வாசகிக்கு எங்கள் பதில் இதுதான்: உங்களுக்கு இரண்டு செட் போதாது, மூன்று வேண்டும். மூன்றாவது செட் யார் கையில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 10 கிலோமீட்டர்

அது முழுப் பொய்யும் இல்லை. பூமி உருண்டை என்பதால் தூரம் போகப் போக தரை கீழே வளைகிறது. சாதாரண உயரமுள்ள இரண்டு பேர் செட்டை முகத்துக்கு நேராகப் பிடித்து, மரமோ மேடோ இல்லாத பொட்டல் வெளியில் நின்றால், கணக்குப்படி சுமார் 10 கிலோமீட்டர்வரை ஒருவருக்கொருவர் மறையமாட்டார்கள். அப்படி ஒரு வெளி நம் ஊரில் எங்கே இருக்கிறது? தோப்பு, வீடு, மேடு எல்லாம் உள்ள சாதாரணக் கிராமத்தில் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் என்று எதிர்பார்ப்பதே நியாயம். ஊர் நடுவில் வீடுகளுக்கு ஊடே என்றால் அதைவிடக் குறைவு.

தூரத்தைக் கூட்ட மலிவான வழி உயரம்தான். வீட்டு முற்றத்திலிருந்து பேசாமல் மாடியிலிருந்து பேசினால் வித்தியாசம் உடனே தெரியும். பரணும் அப்படித்தான். ஆனால் இதற்காக இருட்டில் கிணற்றுச் சுவரிலோ வழுக்குப் பாறையிலோ ஏற வேண்டாம்.

“சக்தி அதிகமான செட் வாங்கினால் என்ன?” என்று கேட்பீர்கள். சக்தியைப் பத்து மடங்கு கூட்டினாலும் திறந்த வெளியில் தூரம் சுமார் மூன்று மடங்குதான் கூடும். குன்றைத் துளைத்துக்கொண்டு போகாது. சட்டமும் இடம் கொடுக்காது.

எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் ரேடியோ செட் வைத்துக்கொள்ள அரசு அனுமதி வேண்டும். சில குறிப்பிட்ட அலைவரிசைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2018-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ்வரை உள்ள அலைவரிசையில், அரை வாட் சக்திக்குள் வேலை செய்யும் கைச் செட்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அரை வாட் என்றால் பூஜை அறையில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்பு அளவு. நேர் பார்வை இருந்தால் ஒரு கொல்லைக்கு அது போதும்.

லைசென்ஸ் வேண்டாம் என்றாலும், அந்த மாடலுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு கொடுக்கும் ஈ.டி.ஏ. சான்று இருக்க வேண்டும். கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: “446 அலைவரிசை செட்டா? ஈ.டி.ஏ. சான்று இருக்கிறதா?” இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். பில்லும் சான்றின் நகலும் பத்திரமாக இருக்கட்டும்.

ஆன்லைனில் குறைந்த விலைக்கு 5 வாட் செட் வருகிறது. எந்த அலைவரிசைக்கும் மாற்றலாம் என்று விளம்பரம். அதுதான் ஆபத்து. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பேசும் அலைவரிசையில் தெரியாமல் குறுக்கிட்டால்கூடக் குற்றம். வைத்திருப்பதே குற்றமாகலாம். இப்படிப்பட்ட செட்டுகள் விவரம் சொல்லாமல் விற்கப்படுவதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குத் தனி வழிகாட்டு நெறிமுறையே கொண்டுவந்தது. மலிவு என்று வாங்கி வழக்கில் மாட்ட வேண்டாம்.

குழந்தைகள் விளையாடும் பொம்மைச் செட்டை நம்பியும் காவலுக்குப் போகாதீர்கள். அது தெருமுனை தாண்டாது.

காட்டை ஒட்டிய கொல்லை என்றால் வனத்துறை ஆட்களிடமும் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. இரவில் செட்டோடு நடமாடுபவரைச் சந்தேகப்படுவது அவர்கள் வேலை.

கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்

பேட்டரி: கொல்லையில் கரண்ட் இல்லையென்றால் பென்சில் செல் போடும் செட் வசதி. செல் தீர்ந்தால் பெட்டிக்கடையில் கிடைக்கும். சார்ஜ் போடும் செட் என்றால் போன் சார்ஜரிலேயே ஏறுகிறதா என்று பாருங்கள். பவர் பேங்க், சோலார் பேனல் எதிலும் போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீர், தூசி: ஐ.பி. 54 என்று போட்டிருந்தால் தூறலும் தெறிப்பும் தாங்கும். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் விழுந்து கிடந்தாலும் தாங்கும். கழனி வேலைக்கு இரண்டாவது நல்லது.

பட்டன்: இருட்டில், ஈரக் கையோடு, தடவிப் பார்த்தே அழுத்த முடிய வேண்டும். வீட்டில் வயதானவர் இருந்தால் அவர் கையில் கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள். அவருக்கு வராவிட்டால் அந்த செட் உங்கள் வீட்டுக்கு உதவாது.

அவசர மணி: ஒரு பட்டனை அழுத்தினால் எதிர் செட்டில் மணி அடிக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. தூங்குபவரை எழுப்ப அது வேண்டும்.

கை படாமல் பேசுவது: குரல் கேட்டதும் தானே திறக்கும் வசதி உண்டு. மருந்து அடிக்கும்போது உதவும். காற்று சத்தத்திலும் மோட்டார் சத்தத்திலும் அதுவே திறந்துகொண்டு பேட்டரியைத் தின்னும். மற்ற நேரம் அணைத்து வையுங்கள்.

விலை: ஒரு ஜோடி சில ஆயிரம் ரூபாய் ஆகும். நாலைந்து கொல்லைக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் ஒரே மாடலாக வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் கடையில் வாங்கி, அந்த அவகாசத்துக்குள் உங்கள் கொல்லையில் ராத்திரியும் பகலும் பேசிப் பாருங்கள்.

பேசவும் ஒரு முறை இருக்கிறது

போன்போல இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும். அழுத்தியதும் ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். இல்லையென்றால் முதல் வார்த்தை விழுங்கிப் போகும். “வரவேண்டாம்” என்பதில் ஒரு பாதி போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

“வீடு, வீடு. கொல்லை பேசுறேன். ஓவர்.”

“கொல்லை, சொல்லுங்க. ஓவர்.”

“பன்னி இல்ல. நல்லா இருக்கேன். அடுத்து பன்னெண்டு மணிக்கு. ஓவர்.”

இவ்வளவுதான். முடித்தேன் என்பதற்கு ‘ஓவர்’ என்ற ஒரு சொல் போதும்.

ஏரியலை நேராக, வானம் பார்க்கப் பிடியுங்கள். சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொண்டே பேசினால் உடம்பே அலையைத் தடுக்கும்.

முக்கியமாக, மணி குறித்து வையுங்கள். இரவு 9, 12, 3, காலை 5 என்று வைத்துக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் குரல் வரவில்லையென்றால் பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடுவது, அப்போதும் இல்லையென்றால் இரண்டு பேராகப் போய்ப் பார்ப்பது என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். செட்டை அணைத்துவிட்டுத் தூங்கும் வீட்டுக்கு எந்த செட் வாங்கினாலும் பலன் இல்லை.

மறுமுனையில் என்ன தயாராக இருக்க வேண்டும்

வாக்கி டாக்கி 108-ஐ அழைக்காது. அது வீட்டுக்குச் செய்தி சொல்லும், வீடுதான் போன் எடுத்து 108-ஐ அழைக்க வேண்டும். எனவே செட் இருக்கும் வீட்டில் போன் சார்ஜோடு இருக்க வேண்டும். கொல்லைக்கு எந்த வழியில் வண்டி வரும், எந்த இடம்வரை ஆம்புலன்ஸ் வரும், அங்கே யார் டார்ச்சோடு நிற்பது என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

பாம்பு கடித்ததாகச் செய்தி வந்தால், கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த இடத்தை ஆட்டாமல், எதிர் மருந்து உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. செட் மூலம் மிச்சமாகிற நேரத்தை மந்திரிப்பதில் செலவழித்தால் என்ன பயன்?

காவலுக்குத் துணையாக மின்வாரிய இணைப்பிலிருந்து வேலியில் நேராகக் கரண்ட் விடுவது சட்டப்படி குற்றம். அது பன்றியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் இருட்டில் கால் வைத்தால் அவரும் போய்விடுவார்.

வாசகர் கேள்விகள்

*தனியாக ரகசிய கோட் இருக்கிறது என்கிறார்களே, நாம் பேசுவது பிறருக்குக் கேட்காதா?*

கேட்கும். அந்த கோட், மற்றவர் பேச்சு உங்கள் செட்டில் ஒலிக்காமல் தடுக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பேச்சை அதே அலைவரிசையில் யாரும் கேட்கலாம். வீட்டில் ஆள் இல்லை, மல்லாட்டை விற்ற பணம் பீரோவில் இருக்கிறது என்பதையெல்லாம் செட்டில் பேசாதீர்கள்.

*சிக்னல் இல்லாத கொல்லையில் செல்போன் ஸ்டார்ட்டர் வைத்து மோட்டார் போட முடியுமா?*

முடியாது. அதற்கும் சிம் சிக்னல் வேண்டும். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான லைசென்ஸ் தேவையில்லாத அலைவரிசையில் வேலை செய்யும் ரிமோட் கருவிகள் உண்டு. அவற்றுக்கும் ஈ.டி.ஏ. சான்று கேளுங்கள். நேர் பார்வைக் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். அதுவரை மும்முனை மின்சாரம் வந்ததும் கொட்டகையில் இருப்பவருக்குச் செட்டில் சொல்லலாம்.

*சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டினால் என்ன?*

தனியார் தாமாக பூஸ்டர் மாட்டுவது சட்டவிரோதம். சுற்றுவட்டாரத்தில் எல்லோருடைய சிக்னலையும் அது கெடுக்கும். வீட்டுக்குள் மட்டும்தான் சிக்னல் இல்லை, ஆனால் கேபிள் இன்டர்நெட் இருக்கிறது என்றால் போனில் வைஃபை காலிங் வசதியைப் போட்டுப் பாருங்கள்.

*என் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் அவசரம் என்றால்?*

112 போட்டுப் பாருங்கள். உங்கள் கம்பெனி கோபுரம் எட்டாவிட்டாலும் வேறு கம்பெனி கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போகும். எந்தக் கோபுரமும் எட்டாத மலை நிழலில் அதுவும் போகாது.

*எங்கள் குக்கிராமம் முழுவதுமே சிக்னல் இல்லை. எல்லோரும் செட் வாங்க வேண்டுமா?*

செட் தற்காலிக ஏற்பாடுதான். கோபுரம் கேட்டுக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதன் நகலோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனுவில் எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், எந்தக் குன்று மறைக்கிறது என்று எழுதுங்கள். முடிந்தால் ஒரு கைவரைபடமும் சேருங்கள்.

உங்கள் கொல்லையில் டார்ச் சோதனை செய்து பார்த்தவர்கள், எங்கிருந்து எங்கே தெரிந்தது, எது மறைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். மூன்றாவது செட்டை எங்கே வைக்கலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.